ஞாயிற்றுக்கிழமைக் கொரியா

கொரியாவை அங்குலம் அங்குலமாகச் சுற்றிக் காட்டத் தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் இருந்தது ஜெர்மனியில்.

இப்படிச் சொன்னால் கொரியா போய் வந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் விசா வாங்கி, விமானம் ஏறி, காலில் கொப்புளம் வரச் சுற்றியிருப்பார்கள். நான் ஒரு டிராம் டிக்கெட்டில் சியோல், புசான், ஜேஜு தீவு எல்லாம் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ரூமுக்குத் திரும்பியவன். அதுவும் ஒரு தரம் இரண்டு தரம் இல்லை. ஒன்றரை வருஷம், ஞாயிறு தவறாமல்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. மூன்று சின்னத் துண்டுகளாக இருக்கும். அதில் எது குடும்பப் பெயர், எது அவர் பெயர் என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. நானும் என் ரூம்மேட் பாலுவும் பேசி வைத்து "கைடு" என்று கூப்பிட ஆரம்பித்தோம். ஒரே மாதத்தில் ஹாஸ்டல் வார்டன் உட்பட எல்லோருக்கும் அவர் கைடு ஆகிவிட்டார்.

எழுபதுகளின் ஆரம்பம். ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையுமாக இருந்த ஓர் ஊர். வானம் வருஷம் முழுக்க அலுமினியப் பாத்திர நிறத்தில் இருக்கும். நான் தூத்துக்குடிக்காரன், மெக்கானிக்கல் என்ஜினீயரிங்கில் மேல்படிப்புக்குப் போயிருந்தேன். பாலு மதுரை, கெமிஸ்ட்ரி. மாணவர் விடுதியில் இடமில்லை என்று எங்களைத் தொழிலாளர் ஹாஸ்டலில் மூன்றாவது மாடியில் போட்டுவிட்டார்கள். இரண்டாவது மாடி முழுக்கக் கொரியர்கள். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சுரங்கத்தில் இறங்க வந்தவர்கள். முப்பது வயதுக்காரரான கைடும் அவர்களில் ஒருவர்.

எல்லா மாடிக்கும் சேர்த்து ஒரே சமையலறை. அவர்கள் முட்டைக்கோஸில் மிளகாய்ப்பொடியும் பூண்டும் அப்பி ஊற வைப்பார்கள். நாங்கள் பெருங்காயம் போட்டு சாம்பார் கொதிக்க விடுவோம். எந்த வாசனையைப் பற்றிப் புகார் எழுதுவது என்று தெரியாமல் வார்டன் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சமையலறையில்தான் கைடு எங்களைப் பிடித்தார்.

"இந்தியா! ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன வேலை?"

நாங்கள் பேசிக்கொண்டது ஜெர்மனில். அவர் ஜெர்மனும் நொண்டி, என் ஜெர்மனும் நொண்டி. இங்கே நான் தமிழில் எழுதுவது அதைவிட நன்றாகவே இருக்கும்.

"துணி துவைக்கணும் சார்."

"துவைக்க வேண்டாம். கொரியா போறோம். ஒன்பதரைக்கு வாசல்ல நில்லு. நல்ல ஷூவா போட்டுட்டு வா. இந்தியா ரெண்டையும் கூட்டிட்டு வா."

இந்தியா இரண்டு என்பது பாலு. அவன் என் காதைக் கடித்தான். "டேய், ஆளு ஒரு மாதிரியா இருக்காரே?"

"சும்மா வாடா. துணி எங்கயும் ஓடிப் போயிடாது."

ஞாயிறு ஒன்பதரைக்கு வாசலில் கோட்டும் டையுமாக நின்றார் கைடு. கையில் குடை. குடையின் நுனியில் சிவப்புக் கைக்குட்டை. பின்னால் ஏழெட்டுக் கொரியர்கள், மழுங்கச் சவரம் செய்து, தலை வாரி, கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றார்கள். கைடு எங்களை எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். "கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது. ஜெர்மனியைப் பத்தி யாரும் பேசக் கூடாது," என்று சட்டம் போட்டுவிட்டுக் குடையைத் தூக்கினார்.

முதல் நாள் ஹல்லா மலை. அது ஜேஜு தீவில் இருக்கிறது. தென் கொரியாவிலேயே உயரம் அதுதான். உச்சியில் பழைய எரிமலை வாய், அதில் ஓர் ஏரி. அதற்காக அவர் தேர்ந்தெடுத்திருந்தது, சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய கசடு மேடு. புல் கூட முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கறுப்பு மேடு. மூச்சிரைக்க ஏறினோம். பாதி வழியில் நிறுத்தி, "இடது பக்கம் அசேலியாப் பூக்காடு. மே மாசம் மலையே ரோஸ் கலர்ல இருக்கும்," என்றார். இடது பக்கம் சக்கரம் போன தள்ளுவண்டி ஒன்று கிடந்தது. கொரியர்கள் அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

உச்சியில் மழைத் தண்ணீர் தேங்கிய குட்டை. "இதுதான் ஏரி. வானத்துல இருந்து வெள்ளை மான் இறங்கி வந்து இங்கதான் தண்ணி குடிக்கும்." அந்த நேரம் பார்த்து, நடக்க வந்த ஒரு ஜெர்மன் அம்மாளின் குட்டைக்கால் நாய் ஓடி வந்து குட்டையில் வாய் வைத்தது.

"பாத்தியா?" என்றார் கைடு.

"சார், அது நாய்."

"இப்ப சீசன் இல்லை. சீசன்ல மான் வரும்."

மேட்டின் மறுபக்கம் குடையை நீட்டி, "கடல்!" என்றார். கீழே தெரிந்தது முட்டைக்கோஸ் வயல்.

"கடல் எங்க சார்?" என்றான் பாலு.

"மூடுபனி மறைக்குது."

அன்றைக்கு அந்த ஊரில் அதிசயமாகப் பளீரென்று வெயில். தூத்துக்குடிக்காரனிடம் முட்டைக்கோஸ் வயலைக் காட்டிக் கடல் என்று சொல்லிவிட்டுப் போக ஒரு தைரியம் வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாலு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றபோது, அந்தக் குடை நீண்ட பக்கம் நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கடலைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்த ஞாயிறு பாலு வராவிட்டாலும் நான் போவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஊரில் ஒரு கட்டிடம் பாக்கியில்லை. நகராட்சி மண்டபம் சியோலின் பழைய அரண்மனை. சுரங்கத்தின் வாசல் வளைவு தெற்குப் பெருவாசல். கால்வாய்க்கரை புசானின் கடற்கரை. கியோங்ஜு என்ற பழைய தலைநகரத்தில், அரசர்கள் காலத்தில் நட்சத்திரம் பார்க்கக் கட்டிய கற்கோபுரம் ஒன்று உண்டாம், இடுப்பு சிறுத்து பாட்டில் மாதிரி இருக்குமாம். அதற்கு மின்நிலையத்தின் குளிர்விக்கும் கோபுரத்தைக் காட்டினார். உருவம் சரியாகத்தான் இருந்தது. மேலே ஆவிதான் மண்டிக்கொண்டு போனது.

"புகை வருதே சார்?"

"உள்ளே ஜோசியருக்கு டீ போடறாங்க."

சியோலில் நம்சான் என்றொரு மலை, அதற்குக் கேபிள் கார். அதற்காக எங்களை ரயிலேற்றி வுப்பர்டாலுக்கே கூட்டிப்போனார். அங்கே ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்ததும், "கீழே பாருங்க, சியோல் நகரம்! அதோ ஹான் நதி!" என்று பெட்டி அதிர அறிவித்தார். எதிரே காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அரண்டுபோய், சரியான வண்டியில்தான் ஏறினோமா என்று அவரிடமே கேட்டார். கைடு குனிந்து வணங்கி, "நீங்க சரியான வண்டியிலதான் இருக்கீங்க. அடுத்த ஸ்டாப் மலை உச்சி," என்றார். பாவம், அவர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.

ஒரே ஒரு டூர்தான் பாதியில் நின்றது. ஜேஜு தீவில் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பார்கள் என்று ஒரு நாள் சொன்னார். எங்கள் ஊரில் முத்துக்குளிப்பது ஆண்கள், பெண்கள் எங்கே மூழ்குவார்கள் என்று நான் வாய் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான். ஞாயிறு காலை எங்களை நகராட்சி நீச்சல் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வரிசையாக நிறுத்தினார். உள்ளே ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணிகள் சங்கமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். டை கட்டிய பத்து ஆண்கள் முன்னால் கைடு குடையை நீட்டி விளக்கவுரை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, குளத்து அதிகாரி மூஞ்சி சிவந்து ஓடி வந்தார். கைடு கொஞ்சமும் பதறாமல், "ஃபோட்டோ எடுக்க மாட்டோம்," என்று அவருக்கு வாக்குக் கொடுத்தார். நாங்கள் ஓடியே வந்துவிட்டோம்.

இவ்வளவுக்கும் ஆதாரம் அவர் அறையில் தொங்கிய ஒரு மாதக் காலண்டர். என்றைக்கோ முடிந்துபோன வருஷத்துக் காலண்டர். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு கொரிய ஊர்ப் படம். தேதிகளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. படங்களை மனப்பாடம் செய்திருந்தார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், கூட வந்த கொரியர்கள் ஒருவர் கூடச் சிரித்ததில்லை. ஆறு நாள் வெளிச்சமே இல்லாத ஆழத்தில் குனிந்து கரி வெட்டியவர்கள் அவர்கள். ஏழாவது நாள் யாராவது ஒருவர் "இதுதான் நம்ம ஊர்" என்று சொன்னால் போதும் என்றிருந்தது அவர்களுக்கு. கசடு மேடா, நீச்சல் குளமா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

சிஸ்டர் வந்த அன்றைக்குத்தான் எல்லாம் மாறிப்போனது. சிஸ்டர் என்று நாங்கள் கூப்பிட்டது ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு கொரிய நர்ஸை. நர்ஸ் என்றால் நமக்கு சிஸ்டர்தானே. அவரும் அந்த ஞாயிறு டூரில் சேர்ந்துகொண்டார். கியோங்ஜுக்காரர் என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பார்த்து கைடின் நிகழ்ச்சி நிரலில் கியோங்ஜு மலையில் இருக்கும் குகைக் கோயில். ஒரு ரயில் பாலத்தின் அடிவளைவுக்குள் எங்களை நிறுத்தினார். உள்ளே துருப்பிடித்த இரும்புத் தூண் ஒன்று நின்றது.

"உள்ள இருக்கறது ஒரே கல்லில் செதுக்கின புத்தர். நாப்பதடி உயரம். கைய இப்படித் தொங்க விட்டுக்கிட்டு, கடலைப் பாத்து நிக்கறார்."

"உக்காந்திருக்கார்," என்றார் சிஸ்டர்.

கைடு திரும்பினார். "யாரு?"

"புத்தர். சம்மணம் போட்டு உக்காந்திருக்கார்."

"எப்ப உக்காந்தார்?"

"ஆயிரத்து இருநூறு வருஷமா உக்காந்துதான் இருக்கார்."

காலண்டர் படத்தில் புத்தரின் முகமும் தோளும்தான் இருந்தன. தோளுக்குக் கீழே உள்ளதைக் கைடு தானாகவே கட்டி முடித்திருக்கிறார்.

"எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் அங்க கூட்டிட்டுப் போவாங்க," என்றார் சிஸ்டர். "நீங்க எப்ப போய்ப் பாத்தீங்க?"

கைடு குடையைக் கீழே இறக்கினார். "பாத்ததில்லை."

"சியோல் அரண்மனை?"

"இல்லை."

"ஹல்லா மலை?"

"அதுவும் இல்லை."

"கேபிள் கார்?"

"வுப்பர்டால்லதான் பாத்தேன்."

பாலு என் கையைக் கிள்ளினான். "அடப்பாவி மனுஷா! ஒன்றரை வருஷமாடா!" என்று தமிழில் முனகினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைடின் காது சிவந்துவிட்டது. சின்ன வயதில் அகதியாக வந்து, ஒரு தீவு முகாமில் வளர்ந்து, அங்கிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், சுரங்கத்திலிருந்து நேராக ஜெர்மனிக்கு விமானம் ஏறியவராம். நடுவில் பார்க்க நேரமில்லை என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.

சிஸ்டரின் குரல் தணிந்தது. "அப்ப நீங்க பாத்த ஊர்தான் எது?"

"வொன்சான்."

ஒரு ரயில் மேலே போனது. கொரியர்கள் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கும் பாலுவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி வரும் வழியில் சிஸ்டர்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். வொன்சான் வட கொரியாவில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம்.

"இங்கயும்தான் ரெண்டு ஜெர்மனி இருக்கு. நாங்க கூட ஒரு நாள் விசால கிழக்க போலாம்," என்றான் பாலு.

"நாங்க கடிதம் கூடப் போட முடியாது. அந்தப் பக்கத்துப் படம் ஒண்ணு கையில இருந்தாலே எங்க நாட்டுல ஜெயில். இங்க இருக்கும்போது அவங்க ஆட்களோட பேசினது தெரிஞ்சாலும், ஊருக்குக் கூப்பிட்டு உள்ள வெச்சுடுவாங்க," என்றார் சிஸ்டர்.

மறுநாள் சமையலறையில் கைடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். குடை இல்லை, டை இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தவர், கண்ணைச் சுற்றி இன்னும் கரி இருந்தது. முதல் தடவையாக என்னிடம் மெதுவாகப் பேசினார்.

"இந்தியா, எனக்கு ஏப்ரலோட ஒப்பந்தம் முடியுது. திரும்பிப் போயிடுவேன்."

"தெரியும் சார்."

"அங்க போனா அப்புறம் இந்த ஜென்மத்துல முடியாது. நீ இந்தியாக்காரன், உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கிழக்கு பெர்லின்ல வட கொரியாப் புத்தகம் விக்கற கடை இருக்காம். எங்க ஊர்க் கடற்கரை, ஒரே ஒரு படம். சின்னதா கார்டு இருந்தாலும் போதும்."

"யார் சார் இருக்காங்க அங்க?"

"அம்மா. கடற்கரைல கணவாய் மீன் வாட்டி விப்பாங்க. குளிக்க வந்தவங்களுக்கு எங்க ஆழம், எங்க பாறைன்னு நான்தான் காட்டுவேன். அப்ப ஒன்பது வயசு. சண்டை வந்தப்ப என்னைச் சித்தப்பாவோட கப்பல்ல ஏத்தி விட்டாங்க. மூணு நாள்ல திரும்பி வந்துடலாம்னு சொன்னாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அடுப்பில் என் பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

மார்ச் மாதம் எங்கள் கல்லூரியில் பெர்லினுக்கு ஒரு சுற்றுலா போட்டார்கள். நானும் பாலுவும் பெயர் கொடுத்தோம். பெர்லினில் ஒரு நாள் மற்றவர்கள் மியூசியத்துக்குப் போக, நாங்கள் எல்லைச் சாவடியில் முத்திரை குத்திக்கொண்டு கிழக்கு பெர்லினுக்குள் நுழைந்தோம். வெளிநாட்டுப் புத்தகக் கடையைக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கொரியா என்றதும், எத்தனையோ நாளாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவள் போல ஓடிப்போய்த் தடியாக ஒரு பட ஆல்பத்தைக் கொண்டு வந்தாள். முதல் இருபது பக்கத்தில் ஒரே ஆள்தான், அந்த நாட்டுத் தலைவர், சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொழிற்சாலைகள். அப்புறம் சிரிக்கும் டிராக்டர் ஓட்டுநர்கள். அறுபதாவது பக்கத்துக்கு மேல், இரண்டு பக்கம் விரிந்து, வொன்சான் கடற்கரை.

வாங்கியாயிற்று. இனிமேல்தான் நாங்கள் செய்த மேதாவித்தனம். ஆபத்தான புத்தகம், அப்படியே கொண்டு போகக் கூடாது என்று முடிவு செய்தோம். நம்மூரில் பள்ளிக்கூடம் திறந்தால் முதல் வேலையாக என்ன செய்வோம்? அதையே செய்தோம். ஒரு ஸ்டேஷனரிக் கடையில் பிரவுன் பேப்பர் வாங்கி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, மூலை மடக்கி, அழகாக அட்டை போட்டோம். பாலுவுக்கு அதோடு திருப்தி இல்லை. ஒரு லேபிளும் ஒட்டி, பெயர், வகுப்பு, பாடம் எல்லாம் குண்டு குண்டாக எழுதினான். பாடம்: தெர்மோடைனமிக்ஸ்.

சாவடியில் இளைஞன் ஒருவன் எங்கள் பையைத் திறந்தான்.

"இது என்ன?"

"பாடப் புத்தகம்," என்றேன்.

"மேல எதுக்குக் காகிதம்?"

"எங்க நாட்டுல எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போடுவோம்."

திறந்தான். முதல் பக்கத்தில் அந்த மனிதர் சிரித்தார். லேபிளைப் பார்த்தான். திரும்ப அவரைப் பார்த்தான். "இதுவா தெர்மோடைனமிக்ஸ்?" என்றான்.

எங்களை ஓர் அறையில் உட்கார வைத்துப் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார்கள். யாருக்காக வாங்கினீர்கள் என்பது அவர் கேள்வி. கைடின் பெயர் எங்கள் வாயிலிருந்து வந்தால் அவர் கதி அதோகதி. பாலு முந்திக்கொண்டான்.

"எனக்காகத்தான். எனக்குக் கொரியான்னா உயிர் சார்."

"அப்படியா? அங்க என்னென்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

பாலு மூச்சு விடாமல் ஆரம்பித்தான். ஹல்லா மலை, வெள்ளை மான், சியோல் கேபிள் கார், குகைப் புத்தர், அவர் உட்கார்ந்திருக்கும் விதம், பாட்டில் கோபுரம், மூழ்கும் பெண்கள். கைடின் குரலே இவனுக்கு வந்துவிட்டது. அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னது எல்லாமே தெற்கே இருக்கு."

பாலு ஒரு நொடி விழித்தான். "எங்களுக்கு இன்னும் வடக்கு நடத்தலை சார்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தம்பிகளா, இந்தப் புத்தகம் எங்க நாட்டுக் கடையில எல்லாருக்கும் விக்கறது. தாராளமா எடுத்துட்டுப் போலாம். இதை எதுக்கு மறைக்கறீங்க?" அட்டை போடாமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்திருப்போம். அட்டை போட்ட புண்ணியத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு காலை கைடை எங்கள் அறைக்கு வரச் சொன்னோம். சிஸ்டரும் வந்திருந்தார். கைடு கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி வந்தார். மேஜை மேல் புதுத் துண்டு விரித்து ஆல்பத்தை வைத்திருந்தேன். கையை இரண்டு தரம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தைத் திறந்தேன்.

வெள்ளை மணல், நீலக் கடல், தூரத்தில் ஒரு தீவு. கரையோரம் வரிசையாக வண்ணக் குடைகள். நடுவில் எட்டு மாடியில் ஒரு ஓட்டல். கைடு பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம். நாற்பதடிப் புத்தரைக் கையாலேயே செய்து நிறுத்திய மனிதர், சொந்த ஊரைப் பற்றி இனி மூன்று நாள் பேசுவார் என்று நினைத்தேன்.

"சொல்லுங்க, இது என்ன இடம்?" என்று சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார்.

"தெரியலை," என்றார் கைடு.

பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்த ஊர் இது?" என்று கேட்டார். சிஸ்டர் படத்தின் கீழே இருந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். வொன்சான் என்றுதான் போட்டிருந்தது.

"இங்க பைன் மரம் இருந்துச்சு. மரத்துக்குப் பின்னால வீடு. மணல்ல சிவப்பா ரோஜாச் செடி படர்ந்திருக்கும், முள்ளு குத்தும். இந்த ஓட்டல் எதுக்கு இங்க நிக்குது?"

எனக்குப் பேசாமல் புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிடலாமா என்றிருந்தது. இதற்காகவா இந்த மனிதர் இத்தனை வருஷம் ஏங்கினார்? காலண்டரில் இருந்த பன்னிரண்டு ஊரும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிறந்த ஊரில் ஓர் இடம் கூட அடையாளம் தெரியவில்லை. நானும் பாலுவும் தேடித் தேடிப் போய் இந்தக் கொடுமையைத்தான் வாங்கி வந்திருக்கிறோம் என்று தோன்றியது. சிஸ்டர் அழ ஆரம்பித்துவிட்டார்.

கைடு கட்டை விரலை எடுத்து அந்த ஓட்டலின் மேல் வைத்தார். சுரங்கக்காரர் விரல், தோலுக்குள் கரி ஏறி நீலம் பாய்ந்திருக்கும். அந்த விரலுக்கடியில் எட்டு மாடியும் மறைந்தது. இன்னொரு கையால் குடைகளை மறைத்தார். மிச்சம் இருந்தது கொஞ்சம் மணல், தீவு, தண்ணீர். ரொம்ப நேரம் அப்படியே குனிந்திருந்தார்.

"கடல் சரி," என்றார். "கடல் அப்படியே இருக்கு."

அப்புறம் ஏப்ரல் வரை தினம் வந்தார். ஷிப்டுக்குப் போகும் முன் கதவைத் தட்டுவார். "அஞ்சு நிமிஷம், இந்தியா." உட்கார்ந்து, பக்கத்தைத் திறந்து, இரண்டு கையாலும் மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டு பார்ப்பார். யாருக்கும் எதையும் விளக்க மாட்டார். ஐந்து நிமிஷம் ஆனதும் மூடி வைத்துவிட்டு, நன்றி சொல்லி, கரி வெட்டப் போவார். அந்த ஐந்து நிமிஷம் நானும் பாலுவும் அறையில் தும்மக் கூட மாட்டோம்.

பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு நான், பாலு, சிஸ்டர் மூன்று பேரும் வழியனுப்பப் போனோம். பெட்டியில் புத்தகத்தை வைக்க வழியில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பக்கத்தைக் கிழித்து ஷூவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றான் பாலு. கைடு தலையாட்டி மறுத்தார். "மாட்டிக்கிட்டா கிழிச்சுப் போட்டுடுவாங்க. நீயே வெச்சிரு, இந்தியா. வழி திறந்தா, நேரா அம்மாகிட்ட போவேன். திறக்கலைன்னா, உன்கிட்ட வருவேன்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சரி சார், சரி சார் என்று நாலைந்து தரம் சொன்னேன்.

நான் ஊர் திரும்பி ஆறு வருஷம் ஆகிறது. இதற்குள் மூன்று வீடு மாறிவிட்டேன். பட்டமளிப்புப் போட்டோ தொலைந்தது, ஜெர்மனியில் வாங்கிய ரேடியோ தொலைந்தது. என் மனைவி ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும், "இந்தச் சிரிக்கிற ஆளோட புஸ்தகத்தை எடைக்குப் போட்டா என்னங்க?" என்று கேட்டுக் கேட்டு இப்போது விட்டுவிட்டாள். குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினால், பால்காரருக்குச் சொல்கிறேனோ இல்லையோ, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து ஒன்று சொல்லாமல் போவதில்லை. கொரியாக்காரர் ஒருவர் வந்து கேட்டால், உட்கார வைத்துக் காபி கொடுங்கள், அலமாரியின் மேல்தட்டில் அவர் ஊர் இருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.